கல் நின்ற இடம்

நாலு பேர் தூக்கியும் சவப்பெட்டி வாசலைத் தாண்டவில்லை. கடல் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலுக்குக் குறுக்கே அவர் கட்டியிருந்த குட்டைச் சுவர் முட்டிக்கு மேல் நின்றது. அதைத் தாண்டத் தூக்கினால் மேலே நிலையில் இடித்தது. சாய்த்தால் உள்ளே அவர் ஒரு பக்கமாகச் சரிவார். வெளியே நின்றவர்கள் இழு என்றார்கள், உள்ளே இருந்தவர்கள் பொறு என்றார்கள். பெட்டி இரண்டுக்கும் நடுவில் தொங்கியது.

"உடைங்க," என்றாள் அவர் மனைவி.

யாரும் அசையவில்லை. துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ. பெட்டியை மறுபடி கூடத்து மேஜைமேல் இறக்கினார்கள். அவர் தம்பி, அவள் கொழுந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "அண்ணி, அண்ணன் தன் கையால கட்டினது."

"கடல் வரக் கூடாதுன்னு கட்டினாரு. அது பின்பக்கமா வந்துட்டுப் போயாச்சு. இனி இது யாருக்கு? உடைங்க."

எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரர் போய் ஒரு சம்மட்டி எடுத்துவந்தார். முதல் அடியில் பூச்சு மட்டும் உதிர்ந்தது. மனிதர் நன்றாகத்தான் கட்டியிருந்தார். வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஒரு வரிசை செங்கல் ஏற்றுவார். கடைசியில் வீட்டுக்குள் நுழைய வேலி தாண்டுவதுபோல் காலைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. வந்தவர்கள் முணுமுணுத்தால், "உடம்புக்கு நல்லது, தினம் பத்து தடவை தாண்டுங்க, டாக்டரே வேண்டாம்" என்பார்.

அந்தத் தெருவுக்கு அவர் பிரிட்ஜ்காரர். அவளும் பிரிட்ஜ்காரர் வீட்டம்மாதான். பின்னறைதான் பட்டறை. கடல் தெருவுக்குள் வந்து போன மறுநாள் ஊரில் உள்ள பிரிட்ஜெல்லாம் அவர் வாசலில் வந்து நிற்கும். உப்புத் தண்ணீர் குடித்த மோட்டாரைப் பிரித்துக் கழுவிக் காயவைத்து ஓடவைப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. "கடல் நம்ம கம்பெனிக்குப் பார்ட்னர். நான் ரிப்பேர் பண்றேன், அது ரிப்பேர் ஆக்குது" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். அவளும் முதல் இரண்டு வருஷம் சிரித்தாள்.

முந்தின நாள் காலையில் அந்தப் பார்ட்னர் பட்டறையின் பின்சுவரைத் தள்ளிவிட்டது. அஸ்திவாரத்துக்கு அடியில் மணல் எப்போதோ போய்விட்டிருந்தது. மளிகைக் கடைக்காரரின் பெரிய பிரிட்ஜ் அங்கே இருந்தது. தண்ணீர் ஏறுகிறதென்று அதைக் காப்பாற்ற அவர் பட்டறைக்குள் போனார். சுவர் அவர்மேல் விழுந்தது. பிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் அப்போது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்தாள். இருபது வருஷமாக அங்கேதான் வேலை. செய்தி வந்து, பஸ் பிடித்து, சாலை தண்ணீருக்குள் இறங்கும் இடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் இந்தக் கரையில் நின்றிருந்தது. அதற்குமேல் அதால் போக முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து தெரு ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் ஒரு கதவின் மேல் அவரைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அது அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவு. தாழ்ப்பாளைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். ஆம்புலன்ஸ்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளை விரிப்பை எடுத்துப் போர்த்தினார். ஓரத்தில் சலவைக்கூடத்தின் நீல முத்திரை இருந்தது. மடிப்பு சரியில்லை, புதிதாகச் சேர்ந்த யாரோ மடித்தது. அவள் அதைப் பிரித்துச் சரியாகப் போர்த்தினாள். அழுகை வரவில்லை. வந்தது வேறு. நெஞ்சுக்குழியில் கொதிக்கிற தண்ணீர்போல ஒன்று. யார்மேல் ஊற்றுவதென்று தெரியவில்லை.

முதலில் அவர்மேல்தான் ஊற்றினாள், மனதுக்குள். எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அவள் அக்கா வீட்டு மாடி காலியாகக் கிடந்தது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, மேட்டில். வாங்க போயிடலாம் என்று அவள் கெஞ்சியதும் உண்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு, ஒருமுறை சட்டியையே தூக்கிப் போட்டதும் உண்டு. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "தம்பி சொல்லியிருக்கான். அடுத்த வருஷம் கல்லு நம்ம வீட்டைத் தாண்டிப் போயிடும். இந்த நேரத்துல யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா?"

தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்தக் கல் வேலைக்கே அவன்தான் மேற்பார்வையாளர். கரையைக் கடல் தின்ன ஆரம்பித்தபோது பெரிய ஹோட்டலின் முன்னாலிருந்து கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பிக்கொண்டே வந்தார்கள். தெருமுனை வரை வந்தது. அங்கே நின்றது. இது முதல் கட்டம்தான், இரண்டாவது கட்டத்தில் தெரு முழுக்க வரும் என்றார்கள். கல் நின்ற நாளிலிருந்து கடலுக்கு இந்தப் பக்கம்தான் வழி. ஹோட்டல் முன்னால் கல்லில் மோதிய அலை சுவரின் முனையில் திரும்பி இவர்கள் மண்ணைத் தோண்டியது. முன் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. பட்டறைச் சுவரில் விரிசல் விட்டபோது தம்பியைக் கூட்டிவந்து காட்டினார் அவர். அவன் விரலை விட்டுப் பார்த்தான். "ஒண்ணும் ஆகாதுண்ணே, சிமெண்ட் வச்சு அடைச்சுடு" என்றான். அடைத்தார். பெண்டாட்டி சொன்னால் காதில் ஏறாது, தம்பி சொன்னால் வேதவாக்கு.

சம்மட்டி ஓசை வீட்டை அதிரவைத்தது. பின்னறை இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். காற்று அதைத் தூக்கும்போதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்தபடியே கடல் தெரிந்தது. வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தார்கள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட மனுஷர், கடைசி வரைக்கும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லையே என்றார்கள். அவள் கையை உருவிக்கொண்டாள்.

தெருச் சங்கத் தலைவர் அவள் மகளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காதவரைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார். வண்டி தெருவுக்குள் வராது, கல் முடிகிற இடம் வரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும், அங்கே பெட்டியைச் சாலைக்குக் குறுக்கே இறக்கிவைத்துவிடலாம், பெரிய அதிகாரி நேரில் வந்து இரண்டாவது கட்டத்துக்குத் தேதி சொல்கிற வரை எடுக்கக் கூடாது என்பது அவர் யோசனை. கேமராக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டதாம். மகள் அம்மாவைப் பார்த்தாள். கொழுந்தன் குறுக்கே வந்தான். அண்ணனை நடுரோட்டில் போட்டுக் காட்சி காட்டுவதா, மதியம் கடல் ஏறினால் சாலை மூழ்கிவிடும், அதற்குள் அடக்கம் முடிய வேண்டும் என்று படபடத்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அங்கே கொழுந்தன் மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். மனதில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாது. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே வந்தவளைக் கண்டதும் ஈரக் கையோடு கட்டிக்கொண்டாள்.

"நாங்க இங்கருந்து கிளம்பும்போதே உங்க ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போயிருக்கணும் அக்கா. கல்லு இனிமே இந்தப் பக்கம் வராதுன்னு முடிவாயிடுச்சு, அப்புறம் எதுக்கு மாமா இங்க இருக்கணும்னு நான் இவர்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேன். அண்ணன் கேக்க மாட்டேங்கிறாருன்னாரு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் மேட்டுப் பக்கம் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறது. குழந்தைக்கு மூச்சிரைப்பு, கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னான். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டது அவனுடைய அண்ணன்தான். அவர்கள் பிரிட்ஜைத் தன் முதுகில் சுமந்து போய் ஏற்றினார்.

"உங்களுக்குத் தெரியும்தானே அக்கா?" கொழுந்தன் மனைவியின் குரல் திடீரென்று இறங்கியது.

"தெரியும்," என்றாள். கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

வெளியே குட்டைச் சுவர் பொலபொலவென்று விழுந்தது. பெட்டி இந்தத் தடவை தடங்கல் இல்லாமல் போனது. முன்பக்கம் வலது தோளில் கொழுந்தன், இடது தோளில் மளிகைக் கடைக்காரர். மளிகைக் கடைக்காரர் நேற்றிலிருந்து யாரோடும் பேசவில்லை. தன் பிரிட்ஜை இனி எந்த முகத்தோடு வீட்டுக்குள் வைப்பது என்று ஒருமுறை மட்டும் அவள் மகளிடம் கேட்டாராம். அவள் பெட்டியின் வலப்பக்கத்தை ஒட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் முந்தின நாள் தண்ணீர் விட்டுப்போன சேறும் பாசியும் காய்ந்து வெடித்திருந்தன. முன் வரிசையில் இப்போது மிச்சமிருப்பது ஒரு வீட்டின் பாதி. மாடிப்படி மட்டும் வானத்தைப் பார்த்து ஏறிப் போய் நின்றது. பின்னால் தெருவே நடந்து வந்தது.

கொழுந்தனின் முதுகு அவள் கண்ணெதிரில் இருந்தது. அண்ணனைப் போலவே அகன்ற முதுகு. அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அவள்தான் துவைத்துப் போட்டாள். அவன் மேல்படிப்புக்காக அண்ணன் இரவெல்லாம் மோட்டார் சுற்றினார். இந்த முதுகைத்தான் இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறாள், சாப்பிட்டுவிட்டுப் போகும்போது. சாப்பிடும்போது அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்பார். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே அடுத்த வருஷம்ணே என்பான். அவன் தட்டைப் பார்த்துத்தான் சொல்வான். அப்போது அது அவளுக்குப் படவில்லை.

கல் முடிகிற இடத்துக்கு வந்தார்கள். கருங்கற்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காக வந்து, வெட்டினாற்போல் நின்றன. அந்தப் பக்கம் ஹோட்டலின் புல்வெளி, குடைகள், நாற்காலிகள். இந்தப் பக்கம் சாலையில் பாதி கடலுக்குள் இடிந்து விழுந்திருந்தது. கடல் ஏறத் தொடங்கிவிட்டது. தாரின் விளிம்பில் அலை நக்கிக்கொண்டிருந்தது. வண்டி பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. கேமராவோடு இரண்டு பேர் நின்றார்கள்.

தலைவர் கையைத் தூக்கினார். "இங்க இறக்குங்க."

"வேண்டாம், நேரா வண்டிக்குப் போங்க," என்றான் கொழுந்தன்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"இறக்க வேண்டாம். நில்லுங்க," என்றாள். மகளின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். பெட்டியின் கீழிருந்த கொழுந்தனின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"தம்பி, ரெண்டாவது கட்டம் எப்ப வருது?"

"அண்ணி, இப்பப் போய் எதுக்கு..."

"உங்க அண்ணன் கேட்டப்பெல்லாம் சொன்னியே. இன்னைக்கு நான் கேக்குறேன். எப்ப?"

அவன் இடம் வலம் பார்த்தான். தோளில் அண்ணன் இருந்ததால் தலையைக் குனியவும் முடியவில்லை.

"வராது அண்ணி."

அவள் காத்திருந்தாள். பின்னாலிருந்த கூட்டத்தில் பேச்சு ஓய்ந்தது. ஒன்றும் காதில் விழாதவர்கள் என்ன என்ன என்று கேட்டு, அவர்களும் அடங்கினார்கள்.

"ஹோட்டல் வரைக்கும் போதும்னு மேலேயே நிறுத்திட்டாங்க. இங்க அலை அரிக்கும்னு அவங்களுக்கும் தெரியும். ஜனங்களுக்குத் தெரிஞ்சா கலாட்டா ஆகும், வாயைத் திறக்காதேன்னாங்க. திறந்தா என் வேலை போயிருக்கும் அண்ணி. நான் யார்கிட்டயும் சொல்ல முடியாத நிலைமை."

"உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியே."

கூட்டத்தில் எங்கோ அவன் மனைவி அழத் தொடங்கியது கேட்டது.

"சொல்ல முடியாதுன்னா சொல்லியிருக்க வேண்டாம்," என்றாள். குரல் ஏறவில்லை. சலவைக்கூடத்தில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவள், கத்தாமலே எல்லோருக்கும் கேட்கும். "கிளம்பிப் போயிடுண்ணேன்னு ஒரு வார்த்தை. காரணம்கூட அவர் கேட்டிருக்க மாட்டாரு. நீ சொன்னா மறுநாளே மூட்டை கட்டியிருப்பாரு. அந்தச் சுவத்துல விரலை விட்டுப் பார்த்தியே, அப்பவாவது."

அவனுக்குக் கண்ணீர் ஓடியது, துடைக்கக் கை இல்லாமல். தனக்கு இரக்கம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"தோளை எடு."

"அண்ணி..."

"எடு. நீ தூக்க வேண்டாம்."

அவள் பெட்டிக்கடியில் கையைக் கொடுத்தாள். இருபது வருஷம் ஈரத் துணி மூட்டை தூக்கிய தோள். குனிந்து, அவன் தோளை ஒட்டித் தன் தோளை நுழைத்தாள். பாரம் இறங்கியதும் அவன் தானாகவே விலக வேண்டியிருந்தது. ஒரு கணம் பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. மளிகைக் கடைக்காரர் தன் பக்கத்தைத் தாழ்த்தி அவள் உயரத்துக்குச் சரிசெய்தார். உள்ளே அவர் லேசாக நகர்ந்தது அவள் தோளுக்குத் தெரிந்தது. இத்தனை கனமா இந்த மனுஷர், நம்பி நம்பியே இத்தனை கனம் ஏறியதா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தலைவருக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. இதைக் கேமரா முன்னால் அவனை இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வேண்டும், பெட்டியைக் கொஞ்சம் இறக்கினால் போதும் என்று அவள் கூடவே வந்தார்.

"அவன் இங்கதான் நிக்கிறான், அவன்கிட்ட கேளுங்க. எத்தனை மீட்டிங் போனீங்க, ஒரு தடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். என் ஆளைத் தரையில வைக்காதீங்க. அவர் நனைஞ்சது போதும்."

தலைவர் நின்றுவிட்டார்.

வண்டிக்குள் பெட்டியை ஏற்றி, அவளும் மகளும் ஏறி உட்கார்ந்தார்கள். கதவை மூடும்போது பார்த்தாள். கூட்டம் கொழுந்தனைச் சுற்றி வளைத்திருந்தது. ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். வீடு போனவர்கள், வீடு போகப்போகிறவர்கள். கேமரா அங்கே திரும்பியிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று மகள் கேட்டாள். அவள் டிரைவரின் முதுகில் தட்டிப் போகச் சொன்னாள். சக்கரத்துக்கடியில் தண்ணீர் சளசளத்தது. பிறகு மேடு வந்தது, ஓசை நின்றது.

தெருவின் பழைய இடுகாடு கடலோடு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இது ஊருக்கு உள்ளே, குன்றின் சரிவில் இருந்தது. குழி வெட்டியவர் தன் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அரை நாள் பாறையோடு மல்லுக்கட்டினாராம். எட்டிப் பாருங்கள், ஒரு சொட்டு ஈரம் இருக்காது, எத்தனை மழை பெய்தாலும் நிற்காது, நல்ல இடம் என்றார். அவள் எட்டிப் பார்த்தாள். அவர்கள் தெருவில் முழங்கை ஆழம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறும். இங்கே மண் மாவுபோல் உதிர்ந்தது. இங்கேயிருந்து அவள் அக்கா வீட்டு மாடி தெரிந்தது, கம்பியில் காயும் துணிகூடத் தெரிந்தது. கொண்டுவந்து சேர்த்துவிட்டேன், பார்த்தீர்களா என்று அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். போட்டாள் என்பதைவிட எறிந்தாள் என்பதுதான் சரி. பெட்டியின் மேல் அது சத்தமாக விழுந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது சாலை மூழ்கிவிட்டிருந்தது. வடிகிற வரை காத்திருக்க வேண்டும். தண்ணீருக்கு இந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பெயிண்ட் கடையின் படிகளில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாயங்கால வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. அந்தப் பக்கம் ஹோட்டலில் அதற்குள் விளக்கு போட்டுவிட்டார்கள். தெருவில் முந்தின நாளிலிருந்தே மின்சாரம் இல்லை.

கொழுந்தன் நடந்தே வந்தான். அடக்கத்தின்போது இடுகாட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்கள். சட்டையில் ஒரு கை கிழிந்திருந்தது. கீழ் உதடு வீங்கியிருந்தது. படிகளுக்கு வராமல் சாலையோரக் கல்லில், எல்லோருக்கும் முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தான். அவன் மனைவி குழந்தையோடு நடுவில் நின்றாள். இங்கே வருவதா அங்கே போவதா என்று தெரியவில்லை. படியில் இருந்த அவள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, குழந்தையை வாங்கித் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். கொழுந்தன் மனைவியும் வந்து உட்கார்ந்தாள்.

மளிகைக் கடைக்காரர் எங்கிருந்தோ பெரிய பிளாஸ்கில் டீ வாங்கி வந்தார். மகள் காகிதக் கப்புகளில் ஊற்றிப் ஒவ்வொரு படியாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். தலைவர் வாங்கிக்கொண்டார், வண்டி டிரைவர் வாங்கிக்கொண்டார். அவளும் குடித்துமுடித்தாள். பிளாஸ்கைக் கவிழ்த்ததில் கடைசியாக ஒரு கப் வந்தது. மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரக் கல்லைப் பார்த்தாள். சித்தப்பா தோளில் ஏறி வளர்ந்த பெண். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அவள் கையை நீட்டினாள். மகள் தயங்கிக் கொடுத்தாள்.

அவளுக்கு டீ வேண்டியிருக்கவில்லை. வாயில் வைத்ததும் நாக்கைச் சுட்டது. நிறுத்தாமல் கடைசி வரை குடித்துவிட்டு, காலிக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வடிகிறதா என்று சாலையைப் பார்த்தாள்.